பின்சிறகில் ஒரு பெயர்

பொம்மைக் கார் ஒன்றின் பின்புறத்தில் ஒரு பெயரை ஒட்டுவதா, ஒட்டாமல் விடுவதா என்னும் கேள்வி ஒரு வீட்டில் மூன்று மாதங்கள் தீராமல் கிடந்தது என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் நகைத்தவர்களே. அந்தப் பெயரின் நீளம் ஒரு சுண்டுவிரலின் நீளம்கூட இராது. ஆனால் அளவில் சிறியதாயிருப்பதால் ஒரு கேள்வி எளியதாகிவிடுவதில்லை என்பதை அந்த மூன்று மாதங்கள் நமக்குக் கற்றுத் தந்தன.

நம் தங்கையின் கணவர் தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர். 1995ஆம் ஆண்டில் அவருடைய கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது அங்கே ஒரு கடையில் மாதிரிக் கார் பெட்டி ஒன்றை வாங்கினார். ஜப்பானில் செய்யப்பட்டது. இத்தகைய பெட்டிகளுக்குள் முழுக் கார் இருப்பதில்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் உறுப்புகளே இருக்கும். அவற்றைக் கத்தியால் அறுத்தெடுத்து, அரம் போட்டு, ஒட்டி, வண்ணம் பூசி, வாங்கியவரே காரை உருவாக்கிக்கொள்ள வேண்டும். உண்மைக் காரின் இருபதில் ஒரு பங்கு அளவு. அவர் வாங்கியது 1988ஆம் ஆண்டில் ஓடிய மெக்லாரன் பந்தயக் காரின் மாதிரி. அந்த ஆண்டு நடந்த பதினாறு கிராண்ட் பிரீ பந்தயங்களில் பதினைந்தை வென்றது அந்தக் கார். பிரேசில் நாட்டு அயர்டன் சென்னா எட்டு, பிரான்சு நாட்டு அலென் புரோஸ்ட் ஏழு. சென்னா 1994 மே முதல் நாளன்று இத்தாலியின் இமோலா ஓடுபாதையில் வேறோர் அணியின் காரில் மோதி இறந்தார். அவர்மீது கொண்ட அன்பினாலேயே மைத்துனர் அதை வாங்கினார் என்று தங்கை சொல்வாள். வாங்கியவர் அதைத் திறக்கவேயில்லை. விடுமுறைக்கு வந்தால் வீட்டு வேலை, வீட்டு வேலை முடிந்தால் அடுத்த கப்பல். தகரப் பெட்டிக்குள் அது கிடந்தது. 2017இல், ஐம்பது வயதைக் காணாமல், நுரையீரல் புற்றுநோயால் அவர் காலமானார். நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் புகைத்தவர்.

பதினேழு வயதான அவருடைய மகன்தான் சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அந்தப் பெட்டியைத் திறந்தான்.

இங்கே வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கேள்வி அதற்குள்தான் இருக்கிறது. காரின் உடல் ஒட்டப்பட்டு வண்ணம் காய்ந்த பிறகு, எண்களும் பெயர்களும் சின்னங்களும் அதன்மேல் வர வேண்டும். தூரிகையால் எழுதக்கூடிய அளவில் அவை இல்லை. அதற்கென்று ஒரு தாள் பெட்டியில் வருகிறது. அதை டெக்கால் என்கிறார்கள். நம் வீடுகளில் இது புதிய பொருளன்று. பழைய தையல் இயந்திரத்தின் கரிய உடலில் மின்னும் பொன்னிறப் பூவேலையும், பீங்கான் தட்டின் ஓரத்து ரோசாவும் இந்த வழியில் வந்தவையே. சுயிங்கத்தோடு வந்த சிறு தாளை முன்கையில் வைத்து நீர் தடவிப் படம் பதித்துக்கொண்ட பிள்ளைப் பருவமும் சிலருக்கு நினைவிருக்கலாம்.

தாளின் மேல் நீரில் கரையும் ஒரு பசை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். படலத்தின் மேல் அச்சு. வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் இட்டால் பசை இளகும். அப்போது அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. தாளோடு எடுத்துக் காரின்மேல் வைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் படலத்தை மட்டும் மெல்ல நழுவவிட வேண்டும். நீர் இருக்கும்வரை அது எங்கும் நகரும். நீர் வற்றினால் நின்ற இடத்தில் நின்றுவிடும். அடியில் காற்று சிக்கினால் வெள்ளி பூத்தாற்போல் ஒரு மங்கல் தெரியும். ஒட்டியது ஒட்டியதாகவே காட்டிக்கொடுக்கும். சொரசொரப்பான பரப்பில் இது நேரும் என்பதால் முதலிலேயே பளபளப்பு வார்னிஷ் பூசி வைப்பார்கள். வளைந்த இடங்களில் படலத்தை இளக்குவதற்கு ஒரு திரவம் உண்டு. அதைத் தடவியதும் படலம் முழுவதும் பயங்கரமாகச் சுருங்கிக் கிழிந்துவிடும் போல் தோன்றும். பதறித் தொட்டால் கெட்டது. தொடாமல் விட்டால் சற்று நேரத்தில் சுருக்கங்கள் தாமே அடங்கி, காரின் உடலோடு உடலாகப் படிந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் ஒரு வேலையே என்பதை நாம் அந்தப் பையனின் மேசையருகே உட்கார்ந்துதான் கண்டோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தகரப் பெட்டிக்குள் கிடந்த தாள் பழுத்திருந்தது. பழைய படலம் நீர்பட்டதும் நொறுங்கிவிடக்கூடும். ஆகையால் அதன்மேல் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தான். மஞ்சள் ஏறிய தாளை நெகிழி உறையிலிட்டுச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காய விட்டால் வெண்மை திரும்பும் என்று எங்கோ படித்திருந்தான், அதையும் செய்தான். தூத்துக்குடி வெயில் நமக்கு இதற்காவது பயன்பட்டது.

அப்போதுதான் அவன் கவனித்தான். பெட்டியோடு வந்த தாளில் 11, 12 என்னும் எண்கள் இருந்தன. ஓட்டுநர் பெயர்கள், இயந்திரம் தந்த ஹோண்டாவின் பெயர், எண்ணெய் தந்த ஷெல்லின் சின்னம் எல்லாம் இருந்தன. பின்சிறகில் வரவேண்டிய பெயர் மட்டும் இல்லை. ஆனால் பெட்டியின் அடியில் வேறொரு சிறு உறை இருந்தது. மைத்துனர் அதைத் தனியாக விலைகொடுத்து வாங்கி உள்ளே வைத்திருந்தார். அதில் அந்தப் பெயர் இருந்தது: மார்ல்பரோ. அவர் புகைத்த அதே சிகரெட்.

"மாமா, இதை ஒட்டவா, வேண்டாமா?" என்று கேட்டான்.

பந்தயக் காருக்கும் சிகரெட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காகச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் பந்தயக் கார்கள் நாடுகளின் நிறத்தில் ஓடின. பிரித்தானியாவுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் அறிக்கை, புகைத்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று தெளிவாக அறிவித்தது. 1965இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது, 1971இல் அமெரிக்காவில். கதவு சாத்தப்பட்டால் சன்னலைத் தேடுவது பணத்தின் இயல்பு. 1968 முதல் பந்தயக் கார்களில் வணிக நிறுவனங்களின் பெயர்களை எழுத இசைவு கிடைத்தது. அவ்வாண்டே லோட்டஸ் அணி தன் பச்சையைக் களைந்து, கோல்டு லீஃப் சிகரெட் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களை உடுத்திக்கொண்டது. பிறகு கறுப்பும் பொன்னுமாக ஜான் பிளேயர் ஸ்பெஷல், மஞ்சளாகக் கேமல், நீலமும் வெள்ளையுமாக ராத்மன்ஸ். மெக்லாரன் அணி 1974 முதல் 1996 வரை மார்ல்பரோவின் சிவப்பு வெள்ளையில் ஓடியது. தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யக் கூடாது என்றார்கள். தொலைக்காட்சி தானே தேடி வந்து படம் பிடிக்கும் இடத்தில் விளம்பரத்தை ஓடவிட்டார்கள். நாம் இதை அயல்நாட்டுத் தந்திரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1996ஆம் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் சேர்ந்து நடத்திய கிரிக்கெட் உலகக் கோப்பைக்கே வில்ஸ் என்ற சிகரெட்டின் பெயர்தான் இருந்தது. அதை நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகக் களமிறங்கியதும், பென்சன் அண்டு ஹெட்ஜஸ் என்னும் சிகரெட்டின் பெயரைப் பல ஆண்டுகள் சுமந்த ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில்தான்.

காலப்போக்கில் நாடுகள் விழித்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2005 சூலையில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. பிள்ளைகளின் கையில் சேரும் மாதிரிப் பெட்டிகளிலிருந்தும் சிகரெட் பெயர்கள் மெல்ல மெல்ல நீங்கின. விடுபட்ட பெயர்களைச் சிறு அச்சாளர்கள் தனியே அச்சிட்டு விற்கிறார்கள். ஆகவே இன்று இந்தக் காரைச் செய்பவர் யாராயினும், அந்தப் பெயரைத் தாமே தேடி, தாமே வாங்கி, தம் கையாலேயே ஒட்ட வேண்டும். நிறுவனம் தன் கையைக் கழுவிக்கொண்டது. மனச்சான்றின் சுமை மேசையருகே உட்கார்ந்திருப்பவனுக்கு வந்து சேர்ந்தது. போர் விமான மாதிரிகளிலும் இதே நிலை உண்டு. செர்மனியில் நாசிகளின் சுவஸ்திகாவைக் காட்டுவதற்குச் சட்டத்தடை இருப்பதால் சில நிறுவனங்கள் அச்சின்னத்தை விட்டுவிடுகின்றன. வேறு சில, அதை இரண்டு துண்டுகளாக அச்சிட்டுத் தருகின்றன. துண்டுகள் எதுவும் சின்னமன்று. இரண்டையும் சேர்த்து வைப்பவனே சின்னத்தை உண்டாக்குகிறான். இதைவிட நுட்பமான கைகழுவல் இருக்க முடியுமா என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் முதல் தீர்ப்பு விரைவானது. ஒட்ட வேண்டாம் என்றோம். உன் தந்தையைக் கொன்ற பொருளின் பெயரை உன் கையாலே எழுதுவாயா என்றுகூடக் கேட்டுவிட்டோம். பையன் பேசாமல் இருந்தான். சிறிது நேரம் கழித்து, "அப்போ இது பொய் இல்லையா, மாமா? கார் அப்படி இல்லையே" என்றான்.

இந்த ஒரு வாக்கியம் நம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. மாதிரி செய்யும் கலையின் அறம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. அழகாகச் செய்வது அதன் நோக்கமன்று. இருந்ததை இருந்தபடி செய்வதே நோக்கம். சக்கரத்தின் உள்ளே யாரும் காணாத தடைத்தட்டுக்கும் சரியான நிறம் பூசுகிறவன், ஊரே காணும் பின்சிறகை வெறுமையாக விடுவது எப்படி நியாயமாகும்?

பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதிய புனித அகுஸ்தினார், ஓர் உயிரைக் காப்பதற்காகச் சொல்லும் பொய்யையும் ஏற்காத கண்டிப்பு உடையவர். ஆயினும் அவரே உண்மையைச் சொல்லாமல் மறைப்பதையும் பொய் சொல்வதையும் வேறு வேறாகப் பிரித்தார். அவ்வழியில் பார்த்தால் பெயரை விடுவது மௌனமே, பொய்யாகாது. நமக்கு இது பெரும் ஆறுதலாயிருந்தது. பையனிடம் போய்ச் சொன்னோம். மௌனத்தின் இடத்தில் வேறொன்றை வைத்தால்தானே பொய், வெற்றிடம் பொய்யாகாதே என்றோம். அவன் பின்சிறகைக் கையில் எடுத்து நம்மிடம் நீட்டினான். வெள்ளை வெளேரென்றிருந்தது. "இதைப் பார்க்கிறவங்க, கார் இப்படித்தான் இருந்துச்சுன்னு நினைப்பாங்களே மாமா" என்றான். உண்மைதான். பேச்சில் மௌனம் மௌனமாகவே நிற்கும். உருவத்தில் மௌனத்துக்கு இடமில்லை. படத்தில் ஒன்றை வரையாமல் விட்டால், அது இல்லை என்றே படம் சொல்கிறது. கேட்பவனுக்கும் காண்பவனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நாம் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

பிறகு ஒரு நடுவழி கிடைத்தது போலிருந்தது. பிரித்தானியா போன்ற நாடுகளில் பந்தயம் நடக்கும்போது, அங்குள்ள தடையின் காரணமாக, மெக்லாரன் அணி காரிலிருந்த எழுத்துகளை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் நெடுக்குக் கோடுகளை இட்டதுண்டு. 1988 சூலை 10ஆம் நாள் சில்வர்ஸ்டோனில் கொட்டும் மழையில் சென்னா வென்றார். அந்த நாளின் காரைச் செய்தால் உண்மைக்கும் பங்கமில்லை, பெயரும் தேவையில்லை என்று மகிழ்ந்தோம். சட்ட நூல்களில் பழகிய மனத்துக்கு இப்படிப்பட்ட சந்துகள் இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோடுகள் எதற்காக அங்கே இருந்தன? எழுத்துகள் இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில், காண்பவன் மனம் தானே அந்தப் பெயரைப் படித்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தானே? பல ஆண்டுகள் கழித்து ஃபெராரி அணியின் கார்களில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட ஒரு பட்டை இருந்தது. அது மறைவான சிகரெட் விளம்பரமே என்று எழுந்த கண்டனத்துக்குப் பின் 2010 மே மாதத்தில் அதை அகற்றினார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து கொண்டே சட்டத்தை ஏமாற்றுவதற்கு அந்தக் கோடுகள் ஒரு சான்று. அதைப் போய் நம் மருமகனுக்கு நல்வழியாகப் பரிந்துரைத்தோமே என்று இப்போது வெட்கமாயிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நம் தங்கை அந்த மேசைப் பக்கம் வந்தாள். எழுத்து எதுவும் ஒட்டப்படவில்லை. வண்ணம் மட்டும் பூசிய உடல் ஒரு குச்சியின் முனையில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே சிவப்பு, மேலே வெள்ளை, நடுவே கூரையின் சாய்வு போன்ற அந்தக் கோணம். அவள் ஒரு கணம் நின்றாள். "அவுக பாக்கெட்டு மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

எழுத்தை ஒட்டுவதா வேண்டாமா என்று நாம் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த நாள்களிலெல்லாம் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது. நிறமே பெயர். இன்னும் ஒரு விந்தை சொல்ல வேண்டும். மெக்லாரன் காரின் உண்மையான சிவப்பு, சிகரெட் பெட்டியின் சிவப்பு அன்று. பெட்டியின் சிவப்பையே பூசினால் தொலைக்காட்சியில் அது வேறு நிறமாகத் தெரிந்தது. ஆகவே ஒளிரும் தன்மையுள்ள, ஆரஞ்சின் சாயல் கொண்ட ஒரு சிவப்பைப் பூசினார்கள். நேரில் பார்த்தால் வேறு நிறம். திரையில் பார்த்தால் பெட்டியின் நிறம். மாதிரி செய்பவர்கள் நேரில் கண்ட நிறத்தைப் பூசுவதா, படத்தில் கண்ட நிறத்தைப் பூசுவதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். நம் பையன் படத்தில் கண்ட நிறத்தைப் பூசியிருந்தான். அந்தக் காரையே அவன் படத்தில்தானே கண்டிருக்கிறான்.

அப்படியானால், இருந்ததை இருந்தபடி செய்வது என்பதன் பொருள் என்ன? அந்தக் காரே ஒரு பொய்யைச் சுமந்துகொண்டுதான் ஓடியது. நுரையீரலை அரிக்கும் ஒரு பொருளை வேகத்தோடும் துணிவோடும் இளமையோடும் இணைத்துக் காட்டுவதற்காகவே அந்தப் பெயர் விலைகொடுத்து அங்கே எழுதப்பட்டது. ஓட்டுநரின் திறமை உண்மை. இயந்திரத்தின் ஆற்றல் உண்மை. பின்சிறகில் இருந்த உறவு மட்டும் பொய். ஒரு பொய்யைத் துல்லியமாகப் படியெடுப்பவன் உண்மை சொல்கிறானா, பொய் சொல்கிறானா? சாட்சிக் கூண்டில் நிற்பவன் "அவன் இப்படிப் பொய் சொன்னான்" என்று அப்படியே திரும்பச் சொன்னால் அது உண்மைதான். ஆனால் அவன் "அவன் சொன்னான்" என்ற சொற்களைச் சேர்த்துச் சொல்கிறான். பொம்மைக் காருக்கு அந்தச் சொற்களைச் சேர்க்க வாயில்லை.

எனவே அந்தச் சொற்களை எழுதி வைத்துவிடலாம் என்று கருதினோம். காரின் அடியில் ஒரு பலகையும் சிறு அட்டையும் வைப்பது வழக்கம். காரின் பெயர், ஆண்டு, ஓட்டுநர் எல்லாம் அதில் எழுதுவார்கள். சிகரெட் பெயர் வேண்டுமென்றே விடப்பட்டது என்று அதிலேயே எழுதிவிட்டால் யாரையும் ஏமாற்றியதாகாதே. நம் மனத்துக்கு இது மிகவும் பிடித்த தீர்வு. இன்றும் இதில் குறை காண நமக்கு மனம் வரவில்லை. பையன் சிரித்தான். "அட்டையை யார் மாமா படிப்பாங்க? சிகரெட் பெட்டியிலயும்தான் எழுதியிருக்கு. அப்பா படிச்சாங்களா?" என்றான். 1975ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி நம் நாட்டுச் சிகரெட் பெட்டிகளில் அச்சிடப்பட்டுவரும் எச்சரிக்கையை அவன் சொன்னான். நம்மிடம் பதில் இல்லை.

அதன்பின் அவன் சொன்னதுதான் நம் எண்ணத்தைத் திருப்பியது. அதை நம் மொழியில் சொல்கிறோம். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கார்களைப் பார்ப்பவர்கள் அருங்காட்சியகத்திலும் வீட்டு அலமாரியிலும் வெள்ளைச் சிறகைத்தான் பார்ப்பார்கள். அழகிய கார், வீரமான ஓட்டுநர், ஒரு களங்கமும் இல்லை. அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பது மறைந்துபோகும். பெயரை அழிப்பதால் நன்மை அடைவது யார்? புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அந்தக் கணக்கில் தன் தந்தையும் ஒருவர் என்பதை அறிந்த பிள்ளை, குற்றவாளியின் பெயரை ஆவணத்திலிருந்து தன் கையாலேயே நீக்க வேண்டும் என்று நாம் கேட்டிருக்கிறோம்! நாம் அறம் என்று நினைத்தது ஒருவகை வெள்ளையடிப்பாகவும் இருக்கக்கூடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆயினும் நம் ஐயம் முழுவதும் தீரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கொரிந்து நகரின் மக்கள் சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்று கேட்டபோது, சிலை என்பது ஒன்றுமில்லை என்று தெரிந்தவனுக்கு அது வெறும் இறைச்சியே என்பதைப் புனித பவுல் ஒப்புக்கொண்டார். உடனே, அவனைப் பார்த்து உண்ணும் வலுவற்ற சகோதரனை நினைவூட்டினார். பையனுக்கு அந்தப் பெயர் ஒரு குற்றச்சாட்டு. அவனைப் பார்க்க வரும் பத்து வயதுப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு? அவனுக்கு அது உலகிலேயே அழகான காரின் மேல் எழுதியிருக்கும் அழகான எழுத்து. 1995இல் சிங்கப்பூர்க் கடையில் நின்ற இளைஞர் ஒருவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தனியே காசு கொடுத்து அதை ஏன் வாங்கினார்? அந்தச் சிறு உறையின் விலைச்சீட்டு இன்னும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதைப் பையனிடம் சொன்னோம். அவன் மறுக்கவில்லை. "அந்தப் பையன் வந்தா நான் சொல்லுவேன் மாமா" என்றான். ஒருமுறை ஒட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் சொல்வதா? ஆம், அதைத்தான் அவன் ஏற்றுக்கொண்டான். அட்டையில் எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்ற நம் தீர்வுக்கும் அவனுடைய தீர்வுக்கும் இடையே இருந்த தொலைவு அதுவே. அது நிறைவேறுமா என்பது வேறு. பதினேழு வயதில் நாம் ஏற்றுக்கொண்டவை எத்தனை நிறைவேறின?

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் ஒட்டினான். நாம் பக்கத்தில் இருந்தோம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். காற்றில் படலம் மடங்கிவிடுமாம். வார்னிஷ் பூச்சு காப்பாற்றியிருந்தது, தாள் நொறுங்கவில்லை. கிண்ணத்து நீரிலிருந்து எடுத்துச் சிறகின்மேல் வைத்தான். எழுத்துகள் ஈரத்தில் இடமும் வலமுமாக மிதந்தன. நடுவுக்குக் கொண்டுவந்து, பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றி எடுத்தான். பிறகு அந்தத் திரவத்தைத் தடவினான். எழுத்துகள் எல்லாம் கிழவியின் தோல் போல் சுருங்கின. நம் கை தானாக நீண்டது. "தொடாதீங்க மாமா" என்றான். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, அச்சடித்ததுபோல் படிந்துவிட்டது.

கார் இப்போது நடுவீட்டு அலமாரியில், மைத்துனரின் படத்துக்கு இரண்டு தட்டு கீழே இருக்கிறது. எண் 12. பின்சிறகு அறையை நோக்கி இருக்கும்படி பையன் வைத்திருந்தான். சென்ற வாரம் நாம் போனபோது அது சுவரைப் பார்த்து இருந்தது. மூக்கு மட்டும் நம் பக்கம். அலமாரியைத் துடைப்பவள் தங்கை. இரவு உணவுக்குப் பின் நாம் விடைபெறும்போது பார்த்தோம். கார் மறுபடியும் திரும்பியிருந்தது. இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை. நாமும் கேட்கவில்லை.